குழந்தை தானே எடுத்து உண்ணும்போது ஓங்கரிக்கிறாள்: நிறுத்திவிடலாமா?

கேள்வி:
என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. கரண்டியை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்பவள் எங்கள் தட்டைக் கண்டால் தாவுகிறாள் என்பதால், நேற்று விரல் நீளத்துக்கு நறுக்கி வேகவைத்த கேரட்டை அவள் கையிலேயே கொடுத்தேன். முழுக் கையாலும் பற்றிக்கொண்டு, பிடிக்கு வெளியே நீண்டிருந்த நுனியை ஈறால் மென்றாள். இரண்டாவது கடியில் கண்கள் கலங்க, நாக்கை நீட்டி ஓங்கரித்தாள். நான் பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டு எடுத்துவிட்டேன். அதன் பிறகு நான் அருகில் போனாலே வாயை இறுக மூடிக்கொள்கிறாள். சில மாதங்கள் மசித்தே ஊட்டலாமா?

பதில் 1:
தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு. பெரியவர்களைவிட இந்த வயதுக் குழந்தைக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் முன்னால் தள்ளி இருப்பதால், துண்டு தொண்டையை நெருங்குவதற்கு வெகு முன்பே உடல் அதை வெளியே தள்ளிவிடுகிறது. அந்தச் சத்தமும் முகச் சிவப்பும் பாதுகாப்பு வேலை செய்வதற்கான அடையாளங்களே. அஞ்ச வேண்டியது சத்தம் அடங்குவதைத்தான். மூச்சடைத்த குழந்தையால் அழவோ இருமவோ முடியாது. அப்போது குழந்தையைத் தலை தாழ்ந்திருக்குமாறு முன்கையில் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 முறை அழுத்த வேண்டும். உடனிருப்பவர் அவசர உதவியை அழைக்க வேண்டும். இதை நேரில் ஒருமுறை பயின்றுகொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடக்கூடும்.

பதில் 2:
நீளமாக நறுக்கியது சரியே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கும் பிடி ஏறத்தாழ ஒன்பதாம் மாதத்தில்தான் வருகிறது. சிறு துண்டுகளை அதுவரை தள்ளிப்போடலாம். இரு விரல்களுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினால் நசுங்கும் அளவுக்குக் காய் வெந்திருக்க வேண்டும். வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு, முழுக் கொட்டைகள் கூடாது. திராட்சையை நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். ஒரு வயதுவரை தேனும் வேண்டாம். சாய்ந்திருக்கும் குழந்தைக்கு எதையும் கொடுக்காதீர்கள். நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

பதில் 3:
கரண்டியை அடியோடு கைவிடவும் வேண்டாம் என்பது என் கருத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து இருப்பு ஆறு மாத அளவில் குறைந்துவிடுவதால், காய்களை மட்டும் சப்பிக்கொண்டிருந்தால் போதாது. மசித்த பருப்பையோ இறைச்சியையோ கரண்டியில் எடுத்து, காம்பை அவள் பக்கம் நீட்டுங்கள். வாங்கிக்கொள்வதும் தள்ளிவிடுவதும் அவள் விருப்பமாக இருக்கட்டும். பால் வழக்கம்போல் தொடரட்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று இன்னும் மென்மையாக வேகவைத்துக் கொடுத்துவிட்டு, கைகளை மடியில் கோத்தபடி எதிரில் அமர்ந்திருந்தேன். ஒருமுறை ஓங்கரித்தாள், என் கை தானாக எழுந்தது, அடக்கிக்கொண்டேன். துண்டைத் துப்பினாள், சற்று நேரம் அதையே உற்றுப் பார்த்தாள், பிறகு அதே துண்டை எடுத்து மீண்டும் வாயில் வைத்துக்கொண்டாள்.