பழுபாகல் பந்தலில் பூக்கிறது, காய்க்கவில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி (பலமனேர் அருகிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். சித்தூர் மாவட்டத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் மழை இறங்கியதும் வேலிப் புதர்களில் பழுபாகல் (மென்முள் கொண்ட சிறுகாய்ப் பாகல் வகை) தானாகப் படர்ந்துவிடும். சந்தையில் ஆகாகரகாய் என்று தெலுங்குப் பெயரால் கேட்டு வாங்குவோர் மிகுதி என்பதால், பழுத்து வெடித்த காய்களிலிருந்து விதை எடுத்து நட்டுப் பந்தலில் ஏற்றியிருக்கிறோம். கொடிகள் செழித்துப் பூத்தும், பெரும்பாலானவற்றில் ஒரு பிஞ்சுகூட இல்லை. உரம் போதவில்லையா, மண் பொருந்தவில்லையா? பாலக்காட்டிலுள்ள உறவினர் ஒருவர், தம் மலையோரக் கொடியில் காய் பெரிதாக இருப்பதாகச் சொல்லிக் கிழங்கு தர முன்வருகிறார். அதையும் சேர்த்து நடலாமா?

மறுமொழி 1 (குப்பம்)

உரத்தையும் மண்ணையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சாதாரணப் பாகலில் ஒரே கொடியில் இருவகைப் பூவும் வரும். பழுபாகலிலோ ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதையிலிருந்து வருபவற்றில் ஏறத்தாழப் பாதி ஆணாகவே இருக்கும், பூக்கும் வரை எது எதுவென்று தெரியாது. காய்க்காத கொடியின் மொட்டைப் பாருங்கள்: காம்பின் நுனியில் குல்லாய் போன்ற ஒரு செதில் மொட்டை மூடியிருந்தால் அது ஆண். பூவின் அடியில் மென்முள் கொண்ட சிறு பிஞ்சு தெரிந்தால் அது பெண்.

இப்போதே பெண்கொடிகளின் அடியில் அடையாளக் கயிறு கட்டிவிடுங்கள். குளிர்காலத்தில் கொடி காய்ந்தபின் மண்ணுக்குள் கிழங்கு உறங்கும். அதைத் தோண்டி எடுத்து, அடுத்த மழைக்கு முன், குழிக்குக் குழி சுமார் 2 மீட்டர் விட்டு, தொழுவுரம் கலந்து நடலாம். கிழங்கிலிருந்து வரும் கொடி தாய்க்கொடியைப் போலவே ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கும் என்பதால், எட்டு முதல் பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்று நீங்களே அமைத்துக்கொள்ள முடியும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். மேட்டுப்பாங்கான இடமே நல்லது. காப்புக்காட்டுக்குள் போய்க் கிழங்கு தோண்ட வேண்டாம் என்பதையும் வலியுறுத்திச் சொல்கிறேன். கிழங்கு போனால் அந்த இடத்தில் கொடியே இருக்காது. உங்கள் வேலியில் இருப்பதே போதும்.

மறுமொழி 2 (பாலக்காடு)

உறவினர் தரும் கிழங்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் பெரிய, அடர்மஞ்சள் பூவோடு வளர்வது பெரும்பாலும் மொமோர்டிகா சஹ்யாத்ரிகா. 2007-இல்தான் அது தனி இனமாக விவரிக்கப்பட்டது. உங்கள் வேலியில் இருப்பது மொமோர்டிகா டையோயிகா. உங்களுடையது அந்தி சாயும்போது மணத்தோடு விரிகிறது. மலைக்கொடியோ காலையில் விரிகிறது. ஆகவே மலையிலிருந்து வரும் ஆண்கொடி உங்கள் பெண்கொடிகளுக்குத் துணையாகும் என்று நம்பிவிடாதீர்கள். நட விரும்பினால் அதற்குரிய ஆணையும் பெண்ணையும் சேர்த்தே வாங்கி, தனிப் பந்தலில் விடுங்கள். தேர்ந்தெடுத்த இரகமே வேண்டுமென்றால், ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் இந்திரா கங்கோடா-1 இருக்கிறது.

மறுமொழி 3 (திருத்தணி)

கிழங்கு நடும் பருவம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்தப் பூவிலேயே காய் எடுக்கலாம். அந்தியில் புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். ஓர் ஆண்பூ சில பெண்பூக்களுக்குப் போதும். இரவு நேரத்தில் பந்தலுக்கு அந்துப்பூச்சிகள் போதிய அளவில் வராத இடங்களில், ஆண்கொடி அருகில் இருந்தாலும் இந்தக் கைவேலை பலன் தருகிறது; ஆகவே மேலே சொன்ன விகிதத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து. சூல் பிடித்த பிஞ்சு சில நாட்களில் பருக்கத் தொடங்கும். பிடிக்காதது மஞ்சளாகி உதிர்ந்துவிடும்.

காய் இறங்கியதும் பழ ஈ வரும். கியூலூர் பொறிகளை (ஆண் ஈக்களை மணத்தால் கவர்ந்து பிடிப்பவை) முன்கூட்டியே தொங்கவிட்டு, குத்துப்பட்ட பிஞ்சுகளைத் தரையில் போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். விதை கடினப்படுவதற்குள் பச்சையாகவே பறித்துவிட வேண்டும். மஞ்சள் தட்டிய காயைச் சந்தையில் எவரும் வாங்குவதில்லை.