டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் கார்ன் சிரப்: அளவு, நேரம், பிரைமிங்

நுரைத்தேடி:
வீட்டில் 20 லிட்டர் ஏல் பீர் போட வேண்டும். ரெசிப்பியில் பேல் மால்ட் 3.5 கிலோ, டெக்ஸ்ட்ரோஸ் 500 கிராம், ஓஜி (நொதிக்கும் முன் அடர்த்தி) 1.048, எஃப்ஜி (நொதித்து முடிந்த பின் அடர்த்தி) 1.008. டெக்ஸ்ட்ரோஸ் இல்லை, சமையலுக்கு விற்கும் வெள்ளை கார்ன் சிரப்தான் இருக்கிறது. இரண்டும் மக்காச்சோளத்தில் இருந்து வருவதுதானே, எடைக்கு எடை மாற்றலாமா? எப்போது ஊற்றுவது? மிச்சத்தைப் பிரைமிங்குக்கு (பாட்டிலில் வாயு ஏற்ற) வைத்துக்கொள்ளலாமா?

மால்ட்மூட்டை:
எடைக்கு எடை சரிவராது. சோளம் ஒன்றுதான், சர்க்கரை வேறு.

டெக்ஸ்ட்ரோஸ் முழுக்க குளுகோஸ். படிகத்தோடு இருக்கும் 9 சதவீதத் தண்ணீர் போக, மிச்சம் அத்தனையும் ஈஸ்ட்டுக்குத் தீனி. கார்ன் சிரப் அப்படியில்லை. மாவுச்சத்தைப் பாதி வழி உடைத்து நிறுத்தியது. எவ்வளவு உடைந்தது என்பதைக் காட்டும் எண் டிஇ. டிஇ 42 எனப்படும் வழக்கமான வகையில் 20 சதவீதம் தண்ணீர். மீதித் திடப்பொருளில் குளுகோஸ் சுமார் 20, மால்டோஸ் 14, மால்டோட்ரையோஸ் 11 சதவீதம். மற்றதெல்லாம் ஈஸ்ட் தொடாத நீண்ட டெக்ஸ்ட்ரின் சங்கிலிகள். ஆக, 500 கிராம் சிரப்பில் உண்மையில் நொதிப்பது 180 கிராம்தான். 500 கிராம் டெக்ஸ்ட்ரோஸில் 455.

இதில் ஏமாற்றுவது அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர். டெக்ஸ்ட்ரினும் அதில் அடர்த்தியாகத்தான் தெரியும். டெக்ஸ்ட்ரோஸ் 9 புள்ளி (அதாவது 0.009) ஏற்றும் இடத்தில் சிரப் 7.5 புள்ளி ஏற்றும். ஓஜி கிட்டத்தட்ட சரி என்று நிம்மதியாக மூடிவைப்பீர்கள். இரண்டு வாரம் கழித்து எஃப்ஜி 1.013-ல் நிற்கும், நொதித்தல் நின்றுவிட்டது என்று பதறி இன்னொரு பாக்கெட் ஈஸ்ட்டைக் கொட்டுவீர்கள். அது நிற்கவில்லை, முடிந்துவிட்டது. ஆல்கஹால் 5.2 சதவீதத்துக்குப் பதில் 4.4.

அதே ஆல்கஹால் வேண்டுமென்று சிரப்பைக் கூட்டினால் 1.25 கிலோ தேவைப்படும். அப்போது ஓஜி 1.058, எஃப்ஜி 1.018-ஐ ஒட்டி நிற்கும். டெக்ஸ்ட்ரோஸ் போடுவதே பீரை இளக்கி, வறண்ட முடிவு தரத்தான். இது நேர் எதிராக வாயில் கனக்கும். அதைவிட சாதாரண வெள்ளைச் சர்க்கரை 440 கிராம் போடுவது எவ்வளவோ மேல். சர்க்கரை போட்டால் சைடர் வாடை வரும் என்று பயமுறுத்துவார்கள். பாதிக்குப் பாதி சர்க்கரை, பழைய ஈஸ்ட், அதிக வெப்பம் என மூன்றும் சேர்ந்த காலத்துப் பேச்சு அது. எடையில் 11 சதவீதத்தில் ஒன்றும் ஆகாது.

அடிவண்டல்:
மேலே சொன்னது சரி, ஆனா டிஇ எண்ணை மட்டும் நம்பாதீங்க. அமிலத்தால் உடைச்ச டிஇ 42 சிரப்பும், என்சைமால் உடைச்ச உயர் மால்டோஸ் சிரப்பும் ஒரே எண்ணைக் காட்டலாம். இரண்டாவதில் மால்டோஸ் மட்டுமே 45 சதவீதத்துக்கு மேல இருக்கும். பெரிய ஆலைகள் வாங்குறது பெரும்பாலும் மால்ட் வோர்ட்டின் (நொதிக்கும் முன் இருக்குற மால்ட் சாறு) சர்க்கரை அமைப்பை ஒட்டி வர்ற ரகம். டிஇ 63 வகையில் முக்கால் பங்குக்கு மேல நொதிக்கும். உயர் ஃபிரக்டோஸ் சிரப் தனி ஜாதி, ஏறக்குறைய முழுசும் கரைஞ்சு போயிடும். சில்லறை பாட்டில்ல சாதாரண சிரப்போட அதையும் கலந்தும் விப்பாங்க, லேபிளைப் பாருங்க.

சந்தேகமா இருந்தா சோதனை பண்ணிப் பாத்துடலாம். 100 கிராம் சிரப்பைத் தண்ணீர் விட்டு சரியா 1 லிட்டராக்குங்க, 1.030, 1.031 காட்டணும். ஒரு சிட்டிகை ஈஸ்ட் நியூட்ரியன்ட் போட்டுக் கொதிக்க வெச்சு, ஆற விட்டு, தாராளமா ஈஸ்ட் தூவி 25 டிகிரியில வைங்க. தொடர்ந்து ரெண்டு நாள் எண் மாறாம இருந்தா முடிஞ்சது. 1.014 பக்கத்துல நின்னா சாதாரண 42. 1.000-க்குக் கீழ போனா ஃபிரக்டோஸ் வகை. 31-ல இருந்து 14-க்கு இறங்கினா 55 சதவீதம்னு கணக்கு வரும். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு என்பதால அது கூட்டிக் காட்டுற எண். 0.82-ஆல பெருக்கினா உண்மையான 45 கிடைக்கும்.

நுரைத்தேடி:
லேபிளில் கார்ன் சிரப், உப்பு, வெனிலா மட்டும். ஃபிரக்டோஸ் இல்லை. சர்க்கரையும் கொஞ்சம் குறைவாக இருக்கிறது; 200 கிராம் சிரப், மீதி சர்க்கரை என்று கலந்தால்?

மால்ட்மூட்டை:
தாராளமாக. சிரப் 200, சர்க்கரை 370 கிராம் போட்டால் ஆல்கஹால் கணக்கு ஒத்துவரும். எஃப்ஜி ஓரிரு புள்ளி ஏறும், அவ்வளவுதான். உப்பு 20 லிட்டரில் தெரியாது. வெனிலா லேசான பீரில் எட்டிப்பார்க்கக்கூடும், அதனால் வாசனை சேர்க்காத பாட்டில் கிடைத்தால் அதுவே நல்லது. சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட் என்று இருந்தால் மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அவை ஈஸ்ட்டைப் பெருக விடாமல் தடுக்கவே சேர்ப்பவை.

கொதியின் கடைசி 10 நிமிடத்தில் ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் வோர்ட் அடர்ந்து ஹாப்ஸின் கசப்பு குறைவாக இறங்கும், நிறமும் கூடும். பாட்டிலைக் கால் மணி நேரம் வெந்நீரில் நிறுத்தினால் இளகும். அடுப்பை அணைத்துவிட்டு ஊற்ற வேண்டும். சிரப் தண்ணீரைவிட 1.4 மடங்கு கனம், நேரே அடியில் போய் உட்கார்ந்து தீயும். அடி தடவிக் கிளறி, கரண்டியில் கொழகொழப்பு இல்லை என்று தெரிந்த பிறகு அடுப்பு. அளவுக் கோப்பை வேண்டாம், பாதி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பாட்டிலோடு எடை போட்டு, ஊற்றி, மறுபடி எடை போடுங்கள்.

நொதிக்கும் சரக்கில் சர்க்கரை 20 சதவீதத்தைத் தாண்டினால் கதை வேறு. எளிதான குளுகோஸைத் தின்று பழகும் ஈஸ்ட் மால்டோஸைத் தொடச் சுணங்கும். சர்க்கரையில் நைட்ரஜனும் கிடையாது. அப்போது நுரை அடங்கும் நேரத்தில், கொதிக்க வைத்து ஆறிய கரைசலாக ஃபெர்மெண்டரில் சேர்ப்பதே முறை.

அடிவண்டல்:
பிரைமிங்குக்கு சிரப் வேண்டவே வேண்டாம். 20 டிகிரியில நொதிச்ச பீர்ல ஏற்கனவே 0.85 வால்யூம் (ஒரு லிட்டர் பீருக்கு 0.85 லிட்டர்) வாயு இருக்கும். 2.4-க்குக் கொண்டுபோக 20 லிட்டருக்கு டெக்ஸ்ட்ரோஸ் 140 கிராம் இல்லேன்னா வெள்ளைச் சர்க்கரை 120 கிராம். அதே வேலைக்கு டிஇ 42 சிரப் 350 கிராம் வேணும். அடுத்த தடவை வேற பாட்டில் வாங்கி, அது ஃபிரக்டோஸ் கலந்ததா இருந்து, அதே 350-ஐ ஊத்தினா வாயு 4 வால்யூம் வரைக்கும் போகலாம். சாதாரண பீர் பாட்டில் வெடிக்கக்கூடிய எல்லை அது.

டெக்ஸ்ட்ரினை உடைக்க குளுகோஅமைலேஸ் போடலாமேன்னு அடுத்து யாராவது கேப்பீங்க. வேலை செய்யும், ஆனா ஃபெர்மெண்டர்ல போட்டா நிறுத்த முடியாது. மால்ட்டோட டெக்ஸ்ட்ரினையும் சேர்த்து மெதுவா உடைச்சுக்கிட்டே இருக்கும். 1.000 பக்கம் வந்து, ஒரு வாரம் எண் அசையாம நின்ன பிறகுதான் பாட்டிலைத் தொடணும்.

கொதிகலன்:
ஒரு கொசுறு. கார்ன் சிரப் என்றாலே முகம் சுளிப்பது 2019 சூப்பர் பௌல் விளம்பரத்துக்குப் பிறகு கூடிப்போனது. மில்லர் லைட், கூர்ஸ் லைட்டில் கார்ன் சிரப் என்று பட் லைட் கிண்டலடித்து, வழக்கு வரை போனது. மில்லரும் கூர்ஸும் சேர்ப்பது நொதிக்க வைக்க. ஈஸ்ட் தின்ற பிறகு அது பீரில் சிரப்பாக மிஞ்சுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், சமையல் பாட்டில் சிரப்பை ஊற்றினால்தான் பாதிக்கு மேல் அப்படியே கோப்பைக்கு வரும்.