கந்தக பிளாஸ்டிக் நம்ம ஊர் ஃப்ளோரைடை எடுக்குமா?

பாலக்கோடு மாந்தோப்பு:
மாம்பூவுல சாம்பல் நோய்க்கு அடிக்கிற கந்தகத்தூள் மூட்டை ஷெட்டுல மிச்சம் கிடக்கு. கந்தகத்தைச் சமையல் எண்ணெயோட காய்ச்சினா ரப்பர் மாதிரி ஆகுமாம், தண்ணியில இருக்கிற விஷத்தை இழுக்குமாம். வீடியோல பார்த்தேன். எங்க போர் தண்ணி ஃப்ளோரைடு. சின்னவனுக்குப் பல்லெல்லாம் கறை. பழைய வாணலியில போட்டுப் பார்க்கலாமா?

காரிமங்கலத்தான்:
போடுங்க. நாத்தத்துல தெருவே காலியாகும் 😀

ஓசூர் ரப்பர் மில்:
வேண்டாங்க அண்ணா. டயர் ரீட்ரெடிங் கலவை போடுற இடத்துல வேலை, கந்தகத்தோடதான் பொழப்பு. எங்க கலவையில நூறு கிலோ ரப்பருக்கு ரெண்டு மூணு கிலோ கந்தகம் போவும். நீங்க பார்த்தது தலைகீழ். அதுல பாதியோ அதுக்கு மேலயோ கந்தகமே.

கந்தகம் 120 டிகிரி வாக்குல உருகி மஞ்சளாத் தண்ணி மாதிரி ஓடும். 159 தாண்டினா எட்டு அணு வளையம் அறுந்து நீளச் சங்கிலியாகி, செவசெவன்னு பாகு கட்டும். அப்படியே ஆறவிட்டா கொஞ்ச நாள்ல பழையபடி நொறுங்குற கந்தகம்தான். எண்ணெயில இருக்கிற இரட்டைப் பிணைப்பு அந்தச் சங்கிலி முனைகளைப் பிடிச்சுக்கிட்டாதான் பொருள் நிக்கும். 2013ல அரிசோனா பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி பியூன் குழு இந்த வழியைக் காட்டினாங்க, எண்ணெய்க்குப் பதிலா வேற ரசாயனம் வெச்சு. சமையல் எண்ணெய்ல செஞ்சது ஆஸ்திரேலியாவுல ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஜஸ்டின் சாக்கர் குழு.

அந்தச் சூட்டுல வினை பிடிச்சதும் அடுப்பை அணைச்சாலும் சூடு தானா ஏறும். அழுகின முட்டை நாத்தம் வர்றது ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஆளைச் சாய்க்கும். உங்க மூட்டையில 80 சதவீதம்னு போட்டிருந்தா மீதி 20 தண்ணியில கலையறதுக்குச் சேர்த்த சரக்கு. அது காய்ச்சத் தோதே இல்ல.

பாலக்கோடு மாந்தோப்பு:
சரி, யாராவது செஞ்சு வித்தா வாங்கலாமில்ல?

ஓசூர் ரப்பர் மில்:
ஃப்ளோரைடுக்கு வாங்காதீங்க. சாக்கர் குழு அந்த பிளாஸ்டிக்கை வெச்சுத் தண்ணியில இருந்து இழுத்தது பாதரசம். சித்த வைத்தியத்துல பாதரசத்தையும் கந்தகத்தையும் கூட்டித்தானே லிங்கம்ங்கிற சிவப்பு மருந்துச் சரக்கை வைக்கிறாங்க, அந்த ஒட்டுதல்தான் இது. ஃப்ளோரைடு போய் ஒட்டுறது கால்சியம், அலுமினியத்தோட. அதனாலதான் பல்லுலயும் எலும்புலயும் ஏறுது, அதனாலதான் படிகாரம், சுண்ணாம்பு போட்டு எடுக்கிறாங்க.

காரிமங்கலத்தான்:
இந்த பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் ரிஃபைனரியில குவியற கந்தகத்தைத்தான் சொல்றாங்க. அங்க இவ்வளவு எங்கிருந்து வருதாம்?

ஓசூர் ரப்பர் மில்:
குரூடுலயே, அதான் கச்சா எண்ணெயிலயே இருக்கு. 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ் 6ங்கிற வண்டிப் புகை விதி. டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துல 50 பங்கு வரைக்கும் இருக்கலாம்னு இருந்ததை 10 ஆக்கிட்டாங்க. பிரிச்சதுல பெரும்பங்கு கந்தக அமிலமாகி உரத்துக்குப் போகுது. பிளாஸ்டிக் இன்னும் அந்தக் குவியல்ல ஒரு கைப்பிடிகூட இல்ல.

மாந்தோப்பு அண்ணா, ஒகேனக்கல் குழாய் வந்திருந்தா குடிக்க, சமைக்க அதையே வெச்சுக்கோங்க. போர் தண்ணியைக் காய்ச்சிக் குடிக்காதீங்க, ஃப்ளோரைடு போகாது, தண்ணி சுண்டச் சுண்டக் கெட்டிதான் படும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல கொடுத்துப் பாருங்க, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டினா குடிக்க ஆகாது. பிளாஸ்டிக் பாட்டில்ல எடுத்துட்டுப் போங்க, கண்ணாடி வேண்டாம்.