70, 80, 90, 2000: ஒரே கழகத்துக்கு நாலு தசாப்த ஜேர்சி செய்வது எப்படி?

கோட்டையடி_மான்:

வணக்கம். திருகோணமலையில் 1976இல் தொடங்கிய எங்கட உதைபந்தாட்டக் கழகத்துக்கு இந்த வருடம் 50 வயது. ஆவணியில் மக்கெய்சர் மைதானத்தில் பழைய வீரர்களை வைத்து ஆட்டம் நடத்த இருக்கிறோம். எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள், இரண்டாயிரங்கள் என்று நாலு அணி. அணிக்கு 16 ஜேர்சி, மொத்தம் 64. ஒவ்வோர் அணியும் தன் காலத்து உடுப்போடு இறங்க வேணும். நிறம் கடல்நீலமும் வெள்ளையும். இலச்சினை, நங்கூரத்தின் மேல் நிற்கும் புள்ளிமான்.

நாலையும் ஒரே பொலியஸ்டர் துணியில் சப்ளிமேஷன் (தாளில் அடித்த மையைச் சூட்டால் துணிக்கு ஏற்றும் அச்சு) அடித்து மாதிரி எடுத்தோம். படம் நாலு விதம், ஆனால் நாலும் இன்றைய ஜேர்சியாகவே தெரிகிறது. என்ன குறை? இலச்சினையையும் காலத்துக்கு ஏற்ப மாற்ற வேணுமா? எழுபதுகளின் ஆட்களுக்கு இப்போது 65, 70 வயது. அந்தக் காலத்து இறுக்கமான வெட்டு அவர்களுக்குச் சரிவருமா?

நூலும்_ஊசியும்:

குறை படத்தில் இல்லை, துணியிலும் வெட்டிலும்தான். ஒவ்வொரு தசாப்தத்தின் வடிவமும் அந்தக் காலத்துத் துணியும் மெஷினும் எதைச் செய்ய முடிந்ததோ அதிலிருந்து வந்தது. பிரேசிலின் 1970 மஞ்சள் ஜேர்சியை நினைத்துப் பாருங்கள். ஒரே நிறம், பச்சை வட்டக் கழுத்து, பச்சைக் கை விளிம்பு, அவ்வளவுதான். சாயம் போட்ட துணியில் வேறு நிறம் வேணும் என்றால் வேறு துணியை வெட்டித் தைக்க வேணும். அந்த எளிமை அங்கிருந்து வந்தது. அதை மினுங்கும் பொலியஸ்டரில் அச்சடித்தால் கண் உடனே பிடித்துவிடும்.

எழுபதுகளுக்கு: சாயம் போட்ட கொட்டன் இன்டர்லொக், அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் பின்னல் துணி. அந்தக் காலத்துக் கனம் 200 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேல் போகும். ஆவணி வெயிலில் வியர்வை குடித்துக் கல்லாகிவிடும், ஆகவே 180 எடுங்கள். வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை நனைத்துக் காயவிட வேணும். கொட்டன் பின்னல் துணி 5 வீதம் சுருங்கினாலே 70 செ.மீ. நீளத்தில் 3.5 செ.மீ. போய்விடும். கழுத்தும் கை விளிம்பும் இழுபடும் வெள்ளை ரிப் துணியில் தனியாகத் தைக்க வேணும். இலக்கத்தை வெள்ளைத் துணியில் வெட்டி ஸிக்-ஸாக் தையலில் பொருத்துங்கள். உயரம் 25 செ.மீ., கோட்டின் தடிப்பு 4 செ.மீ. முதுகில் பெயர் வேண்டாம், நெஞ்சில் இலச்சினை தவிர எதுவும் வேண்டாம்.

வயதானவர்களுக்கு: தோள்தான் அந்தக் காலத்து வெட்டைக் காட்டும், அதில் கை வைக்காதீர்கள். அக்குளுக்குக் கீழே பக்கத் தையலில் இரண்டு பக்கமும் 3–4 செ.மீ. கூட்டுங்கள், கைக்குழியை 2 செ.மீ. இறக்குங்கள். அப்போது சேர்ட்டை உள்ளே விட்டுத்தான் விளையாடுவார்கள், அதனால் நீளம் 5 செ.மீ. கூட இருக்கட்டும். வயிற்றுக்காக சைஸை மட்டும் ஏற்றினால் தோள் தையல் கையில் விழுந்து ஜேர்சி தொண்ணூறுகளுக்குப் போய்விடும்.

எண்பதுகளில் பொலியஸ்டர் மினுக்கமாக வந்தது. லிவர்பூல் 1982இல் மெல்லிய நெடுங்கோடுகளோடு இறங்கியது. டென்மார்க் 1986 உலகக் கிண்ணத்தில் பாதி சிவப்பு, பாதி கோடு என்று வந்தது. இந்தக் காலத்து உயிர், ஒரே நிறத்தில் மினுக்கமும் மங்கலும் மாறி மாறி வரும் நெசவுக் கோடு. சப்ளிமேஷன் நிறத்தைத்தான் மாற்றும், மினுக்கத்தை மாற்றாது. அதனால் அந்தக் கோடு துணியிலேயே இருக்கும் செல்ஃப் ஸ்ட்ரைப் துணியாகவே தேடி வாங்குங்கள். ஒரு மடிப்பின் மேல் மற்றது ஏறும் வி-கழுத்து, உடம்பைவிட 8–10 செ.மீ. மட்டும் கூடிய மார்புச் சுற்று. வெட்டும்போது துணி கொஞ்சம் சரிந்தாலும் கோடு காட்டிக்கொடுக்கும். நான்கு அடுக்குக்கு மேல் ஒன்றாக வெட்டாதீர்கள். களிசானின் உட்கால் நீளம் இந்த இரண்டு தசாப்தத்துக்கும் 10 செ.மீ. போதும்.

இரண்டாயிரங்களுக்கு அக்குளிலிருந்து இடுப்பு வரை வலைத்துணிப் பட்டை, தையலோடு ஓடும் வளைந்த மெல்லிய பட்டி (பைப்பிங்). 2000இல் இத்தாலி அணிந்த கப்பாவின் இறுக்கமான ஜேர்சி அந்தக் காலத்தின் போக்கைச் சொல்லும். ஆனால் அந்த இறுக்கம் கழக ஆட்டத்துக்குத் தேவையில்லை. பைப்பிங்கை மட்டும் அச்சில் வரையாமல் உண்மையாகவே தையுங்கள். அச்சடித்த பைப்பிங் இரண்டு அடி தூரத்திலேயே பொய்யாகத் தெரியும்.

கோடு_கீறி:

இலச்சினையைக் கட்டாயம் மாற்றுங்கள். நங்கூரமும் மானும் நாலிலும் இருக்க வேணும், கீறும் முறைதான் மாற வேணும்.

எழுபதுகள்: ஒரே தடிப்புக் கோடு, வட்ட மூலை, ஒரு நிறம். லீட்ஸ் யுனைட்டட் 1973இல் போட்ட சின்னத்தில் கழகத்தின் இரண்டு முதலெழுத்துகளும் உருண்டு திரண்டு சிரிக்கிற முகம் போலச் சேர்ந்திருக்கும். மானையும் அப்படி இரண்டு மூன்று வளைவில் முடியுங்கள்.

எண்பதுகள்: மானின் முதுகிலிருந்து பின்னால் ஓடும் மூன்று கிடைக்கோடு, கீழே போகப் போக மெலியும். கட்டமான எழுத்து.

தொண்ணூறுகளில் அடக்கம் வேண்டாம். வட அமெரிக்காவில் 1988இல் சார்லொட் ஹோர்னெட்ஸ் கூடைப்பந்து அணி நீலப்பச்சையைக் கொண்டுவந்தது, 1991இல் சான் ஹோசே ஷார்க்ஸ் ஹொக்கி அணி அதே நிறத்தில் தடியைக் கடித்து முறிக்கும் சுறாவைப் போட்டது, 1995இல் டொரண்டோ ராப்டர்ஸ் ஊதா ஜேர்சியில் பந்து தட்டும் டைனோசரை நிறுத்தியது. விலங்கு சட்டகத்தை உடைத்துக்கொண்டு வெளியே வரும். அதைச் சுற்றி வெள்ளை, நீலம், கறுப்பு என்று மூன்று விளிம்பு. உங்கள் மானும் நங்கூரத்தைத் தாண்டிப் பாயட்டும், கொம்பு வட்டத்துக்கு வெளியே நீளட்டும்.

இரண்டாயிரங்கள்: உலோகப் பளபளப்பு, சரிவு விளிம்பு, நிழல். இதற்கு எதிர்த் திசையில்தான் பிறகு எல்லாரும் போனார்கள். யுவெந்துஸ் 2017இல் பழைய கேடயத்தை விட்டு ஒற்றை எழுத்துக்கு வந்தது அதற்கு நல்ல உதாரணம்.

தையலுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது: 8 செ.மீ. அகல எம்ப்ரொய்டரி சின்னத்தில் 2 மி.மீ.க்குச் சிறிய புள்ளி நிற்காது, நூல் மூடிவிடும். திருகோணமலைக் கோட்டையில் திரியும் மான்களின் உடம்பில் இருக்கிற அத்தனை புள்ளியையும் போட ஆசைப்படாமல் எட்டு, ஒன்பது பெரிய புள்ளியோடு நிறுத்துங்கள். கொம்பு நுனி 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பின்னல் துணிக்கு, எம்ப்ரொய்டரியின் அடியில் வைக்கும் அடித்தாள் கிழித்தெடுக்கும் வகையாக இருந்தால் இரண்டு கழுவலில் சின்னம் சுருண்டு குவியும். வெட்டிவிடும் வகையைக் கேளுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இன்னும் இடம் வேணும். ஆங்கில எழுத்து 5 மி.மீ. உயரத்தில் வாசிக்கலாம். ‘ழ’, ‘ணை’ போன்றவற்றின் சுழி அடைபடாமல் இருக்க 8 மி.மீ. கொடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டால் ‘கழகம்’ என்பது ‘கழகம’ ஆகிவிடும். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே 1 மி.மீ. இடைவெளி விடச் சொல்லுங்கள்.

எழுபது, எண்பது ஜேர்சிகளுக்குக் கணினி எழுத்துருவே வேண்டாம். போர்ட் எழுதுகிற ஒருவரிடம் தூரிகையால் கழகப் பெயரை எழுதிவாங்கி, 600 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்து, கோட்டுருவாக மாற்றுங்கள். பிந்திய இரண்டு ஜேர்சிக்கும் பாமினி எழுத்துரு பொருத்தமாக இருக்கும், ஆனால் கோப்பை அனுப்புமுன் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும், அப்படியே அச்சாகியும் விடும்.

கோட்டையடி_மான்:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. இரண்டு விஷயம் மிச்சம். தொண்ணூறுகள் ஜேர்சியை என்ன துணியில் செய்வது? அனுசரணையாளர் தன் சின்னம் நாலு அணியின் நெஞ்சிலும் முழு நிறத்தில் வர வேணும் என்கிறார்.

அச்சு_மை:

தொண்ணூறுகளுக்குத்தான் சப்ளிமேஷன் முழுவதும் பொருந்தும், ஏனென்றால் பொலியஸ்டரில் விரும்பிய கோலத்தை அச்சடிக்க முடிந்ததுதான் அந்தக் காலத்து வடிவத்தின் காரணமே. நெதர்லாந்தின் 1988 செம்மஞ்சள் கோலம் தொடக்கம். ஆர்சனல் 1991இல் போட்ட மஞ்சள் ஸிக்-ஸாக் கோட்டு வெளிமைதான ஜேர்சி உச்சம். கிரிக்கெட்டை எடுத்தால், 1975இலிருந்து 1987 வரை உலகக் கிண்ணம் வெள்ளை உடையில்தான். 1992இல்தான் நிறம் வந்தது, எல்லா அணிக்கும் ஒரே வெட்டு, தோளில் பல நிறப் பட்டை, முதுகில் பெயர். உங்கள் ஆட்களுக்கு ஆர்சனலைவிட அந்தத் தோள் பட்டைதான் நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

துணி 100 வீதம் பொலியஸ்டர், வெள்ளை, 150 ஜி.எஸ்.எம். மார்புச் சுற்று உடம்பைவிட 20–25 செ.மீ. கூட, கை முழங்கை வரை, பெரிய கொலர். மான்செஸ்டர் யுனைட்டட் 1992இல் போட்டது போலக் கழுத்தில் கயிறு கட்டினால் எல்லாருக்கும் உடனே காலம் புரியும்.

அச்சு 195–200 பாகை, 45 செக்கன். துணியை முதலில் 5 செக்கன் சூடாக்கி ஈரம் போக்க வேணும். இந்த ஊரில் மாரி காலத்தில் தாள் காற்றில் ஈரம் இழுத்துத் திட்டுத் திட்டாக அச்சு விழும். ஆவணிக் கச்சான் காற்றில் அந்தப் பிரச்சினை குறைவு, ஆனாலும் தாளைப் பையில் மூடி வையுங்கள். அழுத்திய பிறகு தாளை ஒரே இழுவையில் எடுக்காவிட்டால் கோலத்துக்கு நிழல் விழும். வெள்ளைத் துணியில் கடும்நீலம் அடித்தால் இறுக்கமான இடத்தில் நூல் விரிந்து வெள்ளை பல்லிளிக்கும். தளர்வான வெட்டு அதையும் காப்பாற்றும்.

எண்பதுகளுக்கு ஒரு எச்சரிக்கை. சாயம் போட்ட நீலப் பொலியஸ்டரில் சாதாரண வெள்ளை வினைல் (சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) இலக்கத்தை 160 பாகையில் ஒட்டினால் துணியின் சாயம் மேலே ஏறும். ஒட்டும்போது பால் வெள்ளையாக இருப்பது இரண்டு மூன்று நாளில் வெளிர்நீலமாகிவிடும். சாயம் தடுக்கும் வகை வினைலைக் கேட்டு வாங்கி, தயாரிப்பாளர் சொன்ன குறைந்த சூட்டில் ஒட்டுங்கள். தொட்டால் வெல்வெட் போல இருக்கும் ஃப்ளொக் இலக்கம் அந்தக் காலத்துக்கு இன்னும் பொருந்தும், அதிலும் சாயம் தடுக்கும் வகையே வேணும்.

அனுசரணையாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: லிவர்பூல் நெஞ்சில் ஹிட்டாச்சி பெயர் வந்ததே 1979இல்தான். எழுபதுகள் ஜேர்சியில் நெஞ்சு வெறுமையாக இருப்பதே சரி. அதில் அவருடைய சின்னத்தை கீழ் விளிம்பின் உட்பக்க லேபலில் போடலாம். எண்பதுகளில் ஒரே நிற எழுத்தாக, சின்னமில்லாமல் பெயர் மட்டும். மற்ற இரண்டிலும் அவர் விரும்பியபடி முழு நிறம். எழுபதுகளிலும் வேணும் என்று நின்றால் மைதானப் பதாகையில் இடத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

நூலும்_ஊசியும்:

அச்சு_மை சொன்ன கயிற்றுக் கழுத்துக்கு ஒரு திருத்தம். துளைக்கு உலோக வளையம் போட்டால் தலையால் பந்தை முட்டும்போது தாடையில் படும். நூலால் காஜா எடுத்து, கயிற்றை 10 செ.மீ.க்கு மேல் தொங்காமல் உள்ளே முடிச்சுப் போடுங்கள்.

இன்னொன்று: ஐரோப்பியப் படங்களை மட்டும் பார்த்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். இலங்கையில் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. வெளிநாட்டில் ஒரு வருடம் வந்த வெட்டு இங்கே தைத்துப் போடப்படக் கனக்க நாள் பிடித்திருக்கும். கழகத்தின் பழைய குழுப் படங்களை எடுத்து, கொலர், கை நீளம், இலக்கம் மூன்றையும் முதலில் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாவிட்டாலும் ரிப் பட்டையின் அகலத்தை ஆளின் கையோடு ஒப்பிட்டு அளக்கலாம்.

64ஐயும் வெட்டுமுன் ஒவ்வொன்றிலும் ஒன்று தைத்து, மூன்று முறை கழுவி வெயிலில் காயவிடுங்கள். நீலம் வெள்ளை ரிப்பில் இறங்குகிறதா, சின்னம் சுருள்கிறதா, இலக்கம் நிறம் மாறுகிறதா என்று பார்க்க அதற்கு ஒரு கிழமை பிடிக்கும். தைக்க மூன்று கிழமை என்றால், ஆடித் தொடக்கத்திலேயே துணி கையில் இருக்க வேணும்.

கோட்டையடி_மான்:

1978, 1984 இரண்டு குழுப் படமும் கிடைத்திருக்கிறது. 78இல் வட்டக் கழுத்து இல்லை, அகலமான மடிப்புக் கொலர், கை விளிம்பில் இரண்டு வெள்ளைப் பட்டை. அதையே எடுக்கிறோம். கொலருக்கும் அதே 180 கொட்டன் போதுமா அக்கா?

நூலும்_ஊசியும்:

போதாது, தொங்கிவிடும். இரண்டு மடிப்புக்கு நடுவே விறைப்புக்கு மெல்லிய ஒட்டுக் கன்வஸ் வைத்துத் தையுங்கள், கொலர் நுனி 7 செ.மீ. கன்வஸையும் முதலில் நனைத்துக் காயவிட வேணும்.