முதல் ஹெச்டி டிவி: அப்பா கட்டில்ல இருந்து சுவர் எட்டடி, 32 இன்ச்சா 43 இன்ச்சா?

தறிவீடு, அருப்புக்கோட்டை:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல போன மாசம் வரைக்கும் ஓடினது அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. 2006ல ஆரம்பிச்ச இலவச டிவித் திட்டம் எங்க தெருவுக்கு 2008ல வந்துச்சு. நான் அப்போ ஏழாப்பு. அப்பா அதைத் தலையில சுமந்துக்கிட்டு தெருமுனையில திரும்பினது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. இப்போ திரை நடுவுல படுக்கையா ஒரே ஒரு வெள்ளைக்கோடுதான் தெரியுது. பார்ட்ஸ் கிடைக்காதுன்னு மெக்கானிக் கைவிரிச்சுட்டார்.

புதுசு என் சம்பளத்துல வாங்கிக் கொடுக்கப்போறேன். 16,000 சேர்த்து வச்சிருக்கேன், இழுத்துப் பிடிச்சா 20,000. கடையில முதல்ல 32 இன்ச் ஹெச்டி ரெடி காட்டினாங்க. அப்புறம், "இதெல்லாம் பழசும்மா, 43 இன்ச் 4கே எடுத்துக்கோ, தவணை போட்டுக்கலாம்"னாங்க. தவணைன்னா அப்பாவுக்கு ஆகவே ஆகாது. தறிக்கு வட்டி கட்டியே பாதி ஆயுசைத் தொலைச்சவர்.

ஹால் பத்துக்குப் பன்னெண்டு. அப்பா கட்டில்ல இருந்து டிவி மாட்டுற சுவர் எட்டடி. அம்மா அடுப்படி வாசப்படியில உக்காந்து பக்கவாட்டுலதான் பார்ப்பாங்க. அப்பாவுக்கு 71 வயசு, வலது கண்ணுல புரை ஆபரேஷன் ஆயிருக்கு, நாப்பது வருஷத் தறிச் சத்தத்துல காதும் மந்தம். மத்தியானம் பழைய கருப்பு வெள்ளைப் படம், ராத்திரி செய்தி, அவ்வளவுதான் அவர் பார்க்கிறது. பக்கத்து வீட்டு அகல டிவியில எல்லார் மூஞ்சியும் அமுங்கித் தெரியுது, அந்த மாதிரின்னா வேண்டாம்னு பிடிவாதமா இருக்கார். எங்க கேபிள் பாக்ஸ் பழசு, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயர் வச்சது. எதை எடுக்கட்டும்?

மெக்கானிக், விருதுநகர்:

தங்கச்சி, கடைக்காரர் சொல்ற பேரை விடுங்க, கட்டில் தூரத்தைப் பிடிங்க.

ஹெச்டி ரெடின்னா திரையில அகலத்துக்கு 1366 புள்ளி, உயரத்துக்கு 768. ஃபுல் ஹெச்டின்னா 1920, 1080. 4கேன்னா ஃபுல் ஹெச்டியை விட நாலு மடங்கு புள்ளி. 32 இன்ச் ஹெச்டி ரெடியில ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர் இருக்கும். நல்ல கண்ணுக்கே ஆறடி தாண்டினா அது தனியாத் தெரியாது. 43 இன்ச் ஃபுல் ஹெச்டியிலயும் புள்ளி கிட்டத்தட்ட அதே அளவுதான். எட்டடியில இருந்து பார்க்கிறவருக்கு 4கேக்குன்னு கூடக் கொடுக்கிற காசு கண்ணுக்கு எட்டாது. அதனால 32ஆ 43ஆன்னு தெளிவை வச்சு முடிவு பண்ணாதீங்க. ஐயா செய்தியில கீழே ஓடுற எழுத்தை வாசிப்பாரா? வாசிப்பார்னா பெருசு. செய்தித்தாளை 71க்கு 40 செ.மீ. ஒண்ணு, 95க்கு 54 செ.மீ. ஒண்ணுன்னு வெட்டிச் சுவத்துல ஒட்டுங்க. முதல் அளவு 32, ரெண்டாவது 43. 32க்கு 1.6 செ.மீ. உயர எழுத்துலயும் 43க்கு 2.1 செ.மீ. உயர எழுத்துலயும் செய்தி மாதிரி ஒரு வரி எழுதி, கட்டில்ல இருந்து வாசிக்கச் சொல்லுங்க.

பழைய படத்தைப் பத்தி ஐயா சொல்றது நியாயம். அந்தக் காலப் படம் 4:3 அளவுல, அதாவது அகலம் நாலு பங்குன்னா உயரம் மூணு பங்குன்னு எடுத்தது. அகலத் திரைக்கு இழுத்தா மூஞ்சி பரவத்தான் செய்யும். ரிமோட்ல பிக்சர் சைஸ் போயி 4:3 வைங்க, பாக்ஸ் செட்டிங்லயும் அதையே வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், நடுவுல மூஞ்சி மூஞ்சியாவே இருக்கும். 32 இன்ச்லயே அந்தப் படம் 26 இன்ச் அளவுக்கு நிக்கும், உங்க பழைய பொட்டியை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உயரம்.

அம்மாவுக்காகக் கடையில பக்கவாட்டுல நின்னு பாருங்க. நிறம் வெளுத்தா அந்த மாடல் வேண்டாம். ஐபிஎஸ் பேனல்னு ஒரு திரை வகை இருக்கு, அதுன்னா பக்கவாட்டுல இருந்தும் நிறம் அவ்வளவா மாறாது. கடையில ஓடுற பளபளப்பான வீடியோவை நம்பாதீங்க, சாதாரண கேபிள் செய்தி போடச் சொல்லுங்க. அட்டைப்பெட்டியில 'ஃபுல் ஹெச்டி சப்போர்ட்'னு இருந்தா ஏமாறாதீங்க. திரை 1920க்கு 1080ன்னு எழுதியிருக்கணும்.

சாயல்குடி அக்கா:

நான் பட்டதைச் சொல்றேன் தங்கச்சி. ரெண்டு வருஷம் முன்னாடி ஆசையா 43 வாங்கி, பழைய பாக்ஸையே அந்த மூணு கலர் ஒயர்ல மாட்டிட்டேன். படம் பழைய டிவியை விட மோசமா, தண்ணிக்குள்ள பார்க்கிற மாதிரி இருந்துச்சு. ஏமாந்துட்டோமேன்னு அழுகையே வந்துடுச்சு. சாதாரண சேனல் 576 வரிதானாம், அதைப் பெரிய திரைக்கு இழுத்தா அப்படித்தான்னு மூணு மாசம் கழிச்சுத்தான் புரிஞ்சது. ஹெச்டி பாக்ஸ் மாத்தி ஹெச்டிஎம்ஐ ஒயர் போட்டதும் அதே டிவி வேற டிவி ஆயிடுச்சு. நீங்க பார்க்கிற சேனல் ஹெச்டியில உங்க கேபிள் பேக்கேஜ்ல வருதான்னு கேட்டுக்கோங்க. பாக்ஸுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கிட்டு டிவி விலை பேசுங்க.

இன்னொண்ணு, இந்த மெல்லிசு டிவிகள்ல ஸ்பீக்கர் கீழே பார்த்து இருக்கும். காது மந்தமானவங்களுக்குச் சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது. கட்டில் பக்கத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சா அப்பாவுக்கு ரொம்ப உதவியா இருக்கும். செல்போன் நெட்டை வச்சு யூடியூப் பார்க்கலாம்னு கணக்குப் போடாதீங்க. ஃபுல் ஹெச்டியில ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு மூணு ஜிபி கூடப் போயிடும்.

தறிவீடு, அருப்புக்கோட்டை:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி பேப்பர் வெட்டி ஒட்டினேன். ரெண்டுலயும் ஸ்கெட்ச் பேனாவால 'வைகை அணையில் நீர் திறப்பு'ன்னு நீங்க சொன்ன அளவுல எழுதினேன். 32 பேப்பர்ல அப்பா 'வைகை'யோட நின்னு கண்ணைச் சுருக்கினார். 43ல முழுசா வாசிச்சுட்டு, "இது போதும், இதுல தெரியுது"ன்னார். இது வரைக்கும் செய்தி எழுத்தை அம்மாதான் வாசிச்சுச் சொல்வாங்க. அவருக்குத் தெரியலைன்னு ஒரு நாளும் எங்ககிட்டச் சொன்னதில்ல.

அதனால 43 இன்ச் ஃபுல் ஹெச்டி, 4கே இல்லாதது. 20,000க்குள்ள ரெண்டு மாடல் பார்த்து வச்சிருக்கேன், தவணை இல்ல. பாக்ஸுக்கு அடுத்த மாசச் சம்பளம், ஸ்பீக்கர் தீபாவளிக்கு. சுவத்துல எவ்வளவு உயரத்துல மாட்டணும்?

மெக்கானிக், விருதுநகர்:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு 28 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22ல இருந்து 18தான், பில்லுல பாருங்க.

ஐயா கட்டில்ல உக்காந்தா கண்ணு எந்த உயரமோ, திரையோட நடு அங்க வரணும். படுத்துக்கிட்டுப் பார்ப்பார்னா அரையடி ஏத்துங்க. மாட்டின உடனே பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னாடி எரியிற வெளிச்சத்தை, செட்டிங்ல 100ல இருந்து 60, 65க்குக் குறைச்சுடுங்க. என் மேசைக்கு வர்ற டிவி பெரும்பாலும் பேக்லைட் போனதுதான். கண்ணு ஆபரேஷன் ஆனவருக்கும் கூசாது. இடி மின்னல்னா பிளக்கை மட்டும் பிடுங்கினாப் போதாது, கேபிள் ஒயரையும் கழட்டணும், மின்னல் அது வழியாவும் வரும். இதை அம்மாவுக்கும் சொல்லி வைங்க, பகல்ல வீட்ல இருக்கிறது அவங்கதானே.