நைனாவும் சோழமண்டலமும்

திருவொற்றியூரிலிருந்து:

எங்க நைனா முப்பது வருஷம் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். கேட், கிரில், காசிமேட்டுப் படகுகளுக்கு இரும்பு வேலை. போன மாசம் ஈஞ்சம்பாக்கத்தில் உறவுக்காரர் வீட்டு விசேஷம். அப்படியே பக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கும் போகலாம் என்று கூட்டிப்போனேன். "ஓவியம் பாக்கவா? நீ போயிட்டு வா, நான் டீ குடிக்கிறேன்" என்றார்.

உள்ளே வந்தும் ஓவியங்களை அவர் சரியாகப் பார்க்கவில்லை. இந்தக் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவிய வரிசை எனக்கே பாதிதான் பிடிபடும், அவரை என்ன சொல்ல. ஆனால் நந்தகோபால் செய்த உலோகச் சிற்பம் ஒன்றின் முன்னால் நின்றவர், அப்புறம் நகரவே இல்லை. முன்பக்கம் பார்த்தார், குனிந்தார், பின்பக்கம் சுற்றிப் போனார்.

"இன்னாடா இது, செம்புத் தகடு. செம்பு சூட்ட இழுத்துக்கும். இவ்ளோ மெல்லிசுல ஓட்ட வுழாம பத்த வச்சிருக்கான் பாரு."

நந்தகோபால் பணிக்கரின் மகன் என்றும், 2017இல் இறந்துவிட்டார் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரும் வழியில், 1966இல் இந்தக் கிராமம் உருவான கதையைச் சொன்னேன். பெரியமேடு ஓவியக் கல்லூரியில் பணிக்கர்தான் முதல்வர். படித்து வெளியே வந்த பையன்களுக்கு ஓவியத்தை நம்பி வயிறு நிறையாது. அதனால் பாத்திக், அதாவது மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் துணி, போட்டு விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்துத்தான், அப்போது வெறும் மணல்வெளிக் கடலோரக் கிராமமாக இருந்த ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி வீடு கட்டிக்கொண்டார்கள். பகலில் கைத்தொழில், மிச்ச நேரத்தில் தன் படம். நைனாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. "அப்போ கூலிக்கு கேட்டு கிரிலு, நமக்கு பொம்ம. நானும் செஞ்சிருக்கலாம்" என்றார். பட்டறையில் மிச்சக் கம்பியில் எனக்கொரு குதிரை செய்து கொடுத்தவர்தான். அது எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனதோ.

இப்போது அங்கே முன்னால் கிழக்குக் கடற்கரைச் சாலை (இசிஆர்) இரைகிறது, அமைதி என்று சொல்ல முடியாது. உள்ளே மரத்தடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து:

அந்தப் பெரியமேடு கல்லூரியில் படித்தவன் நான். 1850இல் தொடங்கியது. பாத்திக் என்றதும் கை எரிகிறது! முதல் வாரமே உருகின மெழுகை விரலில் ஊற்றிக்கொண்டேன். துணியில் எங்கே நிறம் ஏறக்கூடாதோ அங்கே மெழுகு. சாயம் சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும், அதனால் ஆறின சாயத்தில்தான் முக்கணும். துணியைக் கசக்கினால் மெழுகு வெடித்து, அந்த வெடிப்பில் சாயம் ஓடிக் கோடு கோடாக வரும். ஒவ்வொரு நிறத்துக்கும் இதையே திரும்பச் செய்யணும். கடைசியில் வெந்நீரில் போட்டு மெழுகை எடுப்போம். இதை விற்று நிலம் வாங்கினார்கள் என்றால் எத்தனை துணி போட்டிருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு.

திருவொற்றியூரிலிருந்து:

நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். வெந்நீரில் கழன்ற மெழுகை என்ன பண்ணுவீர்கள், கொட்டிவிடுவீர்களா என்று கேட்கச் சொன்னார்.

வியாசர்பாடியிலிருந்து:

கொட்டுவதா! மேலே மிதக்கும். ஆறினதும் அடை மாதிரி எடுத்து வைப்போம், அடுத்த துணிக்கு.