ஹீத்ரோவில் இறங்கும்போது திக்கும் சிமுலேட்டர்: 30-இல் கட்டுவதா, காரணத்தைத் தேடுவதா?

தெற்குக்காற்று:
மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, விமானம் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம். ரைசன் 5 5600 பிராசசர், ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பி450 போர்டு, 16 ஜிபி ராம், 1440பி 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். கடல் மேலயும் சின்ன ஏர்போர்ட்லயும் செகண்டுக்கு 50-க்கு மேல ஃபிரேம் (படம்) வருது. லண்டனைத் தாண்டி ஹீத்ரோ 27 ரைட் ஓடுதளத்துக்கு இறங்கும்போது 26, 27-க்கு விழுது, படம் தத்தித் தத்திப் போகுது. நடுநடுவுல அரை செகண்ட் அப்படியே நின்னுடுது. விமானம் காசு கொடுத்து வாங்கின ஏ320. டெரைன் எல்ஓடி (நிலத்தை எவ்வளவு தூரம் விவரமா வரையணும்ங்கிறது) 200, டெக்ஸ்சர் (பரப்பு மேல ஒட்டுற படம்) அல்ட்ரா, டிஎக்ஸ்12 (கேம் கார்டோட பேசுற முறை), டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு பெருசாக்குறது) குவாலிட்டி. எதை மாத்தணும்?

முப்பதேபோதும்:
வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டரோட சுற்றுக்குப் பொருத்துறது) ஆன் பண்ணி, ஃபிரேம் லிமிட்டை 30-ல வைங்க. லிமிட் சதவீதமா காட்டினா 50. வேலை முடிஞ்சுது.

காரணம் சிம்பிள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்குது. வி-சிங்க்கோட 40 ஃபிரேம் ஓடினா, ஒரு ஃபிரேம் 16.7 நிக்கும், அடுத்தது 33.3 நிக்கும். சராசரி நல்லா இருந்தாலும் கண்ணுக்கு அது திக்கல்தான். 30-ல கட்டினா ஒவ்வொரு ஃபிரேமும் சரியா ரெண்டு சுற்று நிக்கும், ஜன்னல் வெளியே தரை வழுக்கிட்டுப் போகும். இது துப்பாக்கிச் சண்டை கேம் இல்ல ப்ரோ, பயணிகள் விமானம். 30 தாராளம்.

மில்லிசெகண்ட்:
கணக்கு சரி, மருந்து தப்பு. அவருக்கு வருவதே 26. பிறகு எதை 30-இல் கட்டுவது? 33.3 மில்லிசெகண்டுக்குள் ஃபிரேம் தயாராகவில்லை என்றால் வி-சிங்க் அதை அடுத்த சுற்றுக்குத் தள்ளும். அதாவது 50 மில்லிசெகண்ட், நொடிக்கு 20. இப்போது இருப்பதைவிட மோசமாகும்.

தெற்குக்காற்று, எதையும் மாற்றாதீர்கள். ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர் மோடை ஆன் செய்து, மேலே வரும் மெனுவில் எஃப்பிஎஸ் காட்டும் கட்டத்தைத் திறங்கள். 'லிமிட்டட் பை' என்று ஒரு வரி இருக்கும். அங்கே மெயின்த்ரெட் (பிராசசரின் முக்கிய வேலை வரிசை) என்று வருகிறதா, ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) என்று வருகிறதா? இரண்டுக்கும் எத்தனை மில்லிசெகண்ட்? கீழே ஜிபியு மெமரி எவ்வளவு? அதே அப்ரோச்சில் (இறங்கும் பாதையில்), அதே வானிலையில், 3,000 அடியில் பாஸ் பண்ணாமல் பார்த்து எழுதுங்கள். நின்ற இடத்தில் எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

சில்லுப்பித்தன்:
இத்தனை அளவெல்லாம் எதுக்கு? 5600-ல எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கிற வேக மெமரி) 32 எம்பி. இந்த சிமுலேட்டர் கேஷைத் தின்னும். அதே ஏஎம்4 சாக்கெட்ல 5800எக்ஸ்3டி-யோ 5700எக்ஸ்3டி-யோ போட்டா 96 எம்பி. பயாஸ் அப்டேட் பண்ணு, சிப்பை மாத்து, போயிட்டே இரு.

மில்லிசெகண்ட்:
எக்ஸ்3டி நல்ல சிப் என்பதில் தகராறே இல்லை. ஆனால் அவர் சொன்னது இரண்டு நோய். ஒன்று, ஒரே சீராக 26-க்கு இறங்குவது. இன்னொன்று, அரை செகண்ட் நின்றுபோவது. இரண்டாவதற்கு சிப் காரணமாக இல்லாவிட்டால், காசு போன பிறகும் அது நிற்கும்.

தெற்குக்காற்று:
பார்த்தேன். லிமிட்டட் பை மெயின்த்ரெட். மெயின்த்ரெட் 38, ஜிபியு 19 மில்லிசெகண்ட். ஜிபியு மெமரி 7.9 / 7.1 ஜிபி, சிவப்புல காட்டுது. நின்னுபோறப்ப மெயின்த்ரெட் 300-ஐத் தாண்டிப் போய்த் திரும்புது.

மில்லிசெகண்ட்:
இதோ, இரண்டு நோயும் அந்த மூன்று எண்ணிலேயே இருக்கிறது.

முதலில் மெமரி. கார்டில் சிமுலேட்டர் பயன்படுத்தக்கூடிய அளவு 7.1, கேட்பது 7.9. மிச்சம் 0.8 ஜிபி கணினியின் ராமுக்குப் போகிறது. 3060 டிஐ தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 448 ஜிபி படிக்கும். ராமிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் கார்டையும் போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக வர வேண்டும். பி450 போர்டில் அது மூன்றாம் தலைமுறை, 16 லேனுக்கும் சேர்த்து நொடிக்கு சுமார் 16 ஜிபிதான். 28-இல் ஒரு பங்கு வேகம். புதுக் கட்டடமோ ஓடுதள டெக்ஸ்சரோ பார்வைக்கு வரும்போது பழையதை வெளியே தள்ளிவிட்டுப் புதியதை இழுக்க வேண்டும், அங்கேதான் படம் உறைகிறது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் 'ஷேர்ட் ஜிபியு மெமரி' கோடு அந்த நொடியில் மேலே ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

செய்ய வேண்டியது: டெக்ஸ்சர் அல்ட்ராவிலிருந்து ஹைக்கு. டிஎக்ஸ்12-இலிருந்து டிஎக்ஸ்11-க்கு. 11-இல் மெமரியை டிரைவர் பார்த்துக்கொள்ளும்; 12-இல் அந்தப் பொறுப்பு சிமுலேட்டரின் தலையில், 8 ஜிபி கார்டில் அது தடுமாறும். பின்னால் திறந்திருக்கும் பிரவுசரை மூடுங்கள், அதுவும் கார்டின் மெமரியைப் பிடித்து வைத்திருக்கும். இலக்கு 6.5 ஜிபிக்குக் கீழே.

சில்லுப்பித்தன்:
டெக்ஸ்சரைக் குறைச்சா காக்பிட்ல சுவிட்ச் மேல இருக்கிற எழுத்து கலங்கும். ஏ320 வாங்குறதே ஓவர்ஹெட் பேனலைப் படிக்கத்தானே. 12 ஜிபி கார்டுக்குப் போறதுதான் மரியாதை.

மில்லிசெகண்ட்:
அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறங்கினால் படிக்க முடியாமல் போகாது, மீடியத்தில்தான் கலங்கும். உண்மையில் எழுத்தைக் கலக்குவது அவர் போட்டிருக்கும் டிஎல்எஸ்எஸ். திரையில் ஓடும் உயர எண்களுக்குப் பின்னால் நிழல் இழுப்பதும் அதனால்தான். ஜிபியு 19 மில்லிசெகண்டில் வேலையை முடித்துவிட்டுச் சும்மா காத்திருக்கிறது. அதன் சுமையைக் குறைக்க டிஎல்எஸ்எஸ் போட்டு இங்கே ஒரு ஃபிரேம்கூட அதிகமாகாது. டிஎல்எஸ்எஸ்ஸை விட்டு டிஏஏ-க்கு (முழு அளவில் வரைந்து ஓரங்களை மென்மையாக்கும் முறை) மாற்றினால் ஜிபியு நேரம் கூடும், மெமரியும் கொஞ்சம் கூடும். ஆகவே டெக்ஸ்சரைக் குறைத்து இடம் கிடைத்த பிறகு மாற்றுங்கள்.

முப்பதேபோதும்:
சரி, மெமரி உங்க பக்கம். மெயின்த்ரெட் 38-க்கு என்ன பண்ணுவீங்க? அதுக்கு நான் சொல்றேன்.

டெரைன் எல்ஓடி 200-ஐ 100 ஆக்குங்க. இந்த எண் தூரத்தைக் குறிக்குது. தூரம் பாதியானா பரப்பு கால்வாசி ஆகுது. லண்டன் மேல இது பெரிய வித்தியாசம், ஏன்னா 2021 பிப்ரவரி யுகே அப்டேட்டுக்கு அப்புறம் நகரத்துல நிறைய இடம் ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது வான்வழிப் படங்கள்லேருந்து உருவாக்கின 3டி கட்டடங்கள். அதையே டேட்டா பக்கத்துல அணைச்சுட்டா இன்னும் லேசாகும். கட்டடம் பொதுவான டப்பாவா வரும், இறங்குற நேரத்துல யாரு எண்ணிப் பார்க்கப் போறாங்க. அடுத்து டிராஃபிக். நிக்கிற விமானம், ஓடுற வண்டி எல்லாம் 10, 20-க்கு. ஹீத்ரோல லைவ் டிராஃபிக் போட்டா ஒவ்வொரு விமானமும் மெயின்த்ரெட்ல போய் உக்காரும். கடைசியா கிளாஸ் காக்பிட் (விமானியோட டிஜிட்டல் திரைகள்) ரிஃப்ரெஷ் ரேட் மீடியம். இத்தனைக்கும் அப்புறம் 28 மில்லிசெகண்டுக்கு வந்துட்டா, 30-ல கட்டலாம். 33-க்கும் 28-க்கும் நடுவுல இருக்கிற இடம்தான் கையிருப்பு.

மில்லிசெகண்ட்:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு நீண்டிருக்காது. கிளாஸ் காக்பிட் விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை: அது சிமுலேட்டரோடு வரும் விமானங்களின் திரைகளைத்தான் முக்கியமாகக் கட்டுப்படுத்தும். காசு கொடுத்து வாங்கிய சில விமானங்கள் தங்கள் திரைகளைத் தனியாக வரையும். அவற்றுக்கு விமானத்தின் சொந்த டேப்லட்டிலேயே தனி அமைப்பு இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை: ஆட்-ஆன்கள் (தனியாகச் சேர்த்தவை) இருக்கும் கம்யூனிட்டி ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, சிமுலேட்டரின் சொந்த ஏ320நியோவில் அதே அப்ரோச். மெயின்த்ரெட் 38 என்பது 27 ஆகிவிட்டால் குற்றவாளி ஆட்-ஆன். பிறகு ஆட்-ஆன்களைப் பாதி பாதியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

பழையஜாய்ஸ்டிக்:
ரெண்டு விஷயம் யாரும் கேக்கல. ராம் ஒத்தைக் குச்சியா, ரெட்டைக் குச்சியா? டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கம், ஸ்பீடு 3200-னு இருக்கா, 2400-னு இருக்கா? பயாஸ்ல எக்ஸ்எம்பி (ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற அமைப்பு) ஆன் பண்ணாம விட்டா 3200 குச்சியும் 2400-லயோ 2133-லயோதான் ஓடும். ரெண்டு குச்சி இருந்தா பிராசசர்லேருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட். 16 ஜிபியும் பத்தாது. நிரம்பினா டிஸ்க்ல இருக்கிற பேஜ் ஃபைலுக்குப் போகும், அதுவும் ஒரு நிறுத்தம்தான்.

ரெண்டாவது, திக்கல் கடிகாரம் மாதிரி சம இடைவெளியில வந்தா கிராபிக்ஸைத் தொடாதீங்க. யுஎஸ்பி சாதனங்களை ஒண்ணொண்ணா கழட்டிப் பாருங்க. டிவைஸ் மேனேஜர்ல யுஎஸ்பி ஹப்போட பவர் சேவிங் டிக்கை எடுங்க.

தெற்குக்காற்று:
ரெட்டைக் குச்சி, ஸ்பீடு 2400-னு காட்டுது. எக்ஸ்எம்பி போட்டேன், இப்ப 3200. டெக்ஸ்சர் ஹை, டிஎக்ஸ்11, எல்ஓடி 100, டிராஃபிக் 15. மெயின்த்ரெட் 29, ஜிபியு மெமரி 6.3. நின்னுபோறது போயிடுச்சு. 30-ல கட்டினதும் சீரா இருக்கு. ஆனா 35,000 அடியில தூரத்து மலை எல்லாம் மெழுகு மாதிரி உருகிக் கிடக்கு.

சில்லுப்பித்தன்:
அதுதான் எல்ஓடி 100-க்குக் கொடுக்குற விலை. லாஸ்லெஸ் ஸ்கேலிங்னு ஒரு சாஃப்ட்வேர் வாங்கி, எல்ஓடி 200-ஐத் திருப்பி வெச்சு, ஃபிரேம் ஜெனரேஷன் ரெண்டு மடங்கு போடுங்க. என்விடியாவோடது 40 சீரிஸ்லேருந்துதான். இது எந்தக் கார்டுலயும் ஓடும்.

மில்லிசெகண்ட்:
அது இரண்டு உண்மையான ஃபிரேமுக்கு நடுவில் ஒன்றை வரைந்து செருகுகிறது. மெயின்த்ரெட் 38-இல் தடுமாறினால் செருகுவதும் தடுமாறும். தவிர கார்டு மெமரியில் தன் பங்கைக் கேட்கும், கைப்பிடிக்கும் படத்துக்கும் நடுவே தாமதமும் கூடும். சீரான 30 கிடைத்த பிறகு அதன்மேல் போட்டால் நன்றாக இருக்கும். ஓட்டையை அடைக்க அது ஆகாது.

மலைக்கு வழி உயரத்தைப் பார்த்து எல்ஓடி மாற்றுவது. 35,000 அடியில் ஏர்போர்ட் இல்லை, டிராஃபிக் இல்லை, மெயின்த்ரெட் ஓய்வாக இருக்கிறது. 250 வைத்தாலும் தாங்கும். 5,000 அடிக்குக் கீழே பார்வை தூரமே குறைவு, 100 போதும். உயரத்தைப் படித்துத் தானே மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. கையால் மாற்றுவதானால் டிசென்ட் (விமானம் கீழிறங்குவது) தொடங்கும் முன்பே எல்ஓடியை இறக்கிவிடுங்கள், அப்ரோச்சின் நடுவில் தொட்டால் தரை முழுக்க மறுபடி ஏற்றப்படும்.

முப்பதேபோதும்:
அந்தக் கருவியில ஒரு அமைப்பைக் கவனிங்க: ஒரே தாவலா 250-லேருந்து 100-க்குக் குதிக்காம, 20,000 அடியிலேருந்து படிப்படியா இறங்கற மாதிரி வைக்கணும். இல்லன்னா நீங்க விரட்டின திக்கல் கீழிறங்கத் தொடங்குற இடத்துல, டாப் ஆஃப் டிசென்ட்ல, வந்து நிக்கும்.

தெற்குக்காற்று:
இந்த அமைப்போட 2024 பதிப்புக்குப் போனா?

மில்லிசெகண்ட்:
எண்களை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கே விமானமும் நிலப்பரப்பும் பெரும்பாலும் இணையத்திலிருந்து ஓடும்போதே இறங்குகின்றன. பரிந்துரைக்கப்பட்ட இணைப்பு வேகமே நொடிக்கு 50 மெகாபிட். 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரை மீடியத்திலிருந்து தொடங்கி, அதே 3,000 அடியில் அதே மூன்று எண்களைப் பார்த்துவிட்டு மேலே ஏற்றுங்கள்.

சில்லுப்பித்தன்:
இல்லன்னா 12 ஜிபி கார்டு.